என் மின்னஞ்சலை வீட்டில் யாரோ படிக்கிறார்கள்

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் கணவர், ஒன்பது வயது மகள், மாமியார், கொழுந்தன் ஆகியோருடன் வசிக்கிறேன். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டு வரவேற்பறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி இருக்கிறது. மனத்தில் இருப்பதையெல்லாம் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அக்காளுக்கு ஜிமெயிலில் எழுதுவது என் வழக்கம். சில மாதங்களாக அவருக்கு நான் எழுதியவை என் கணவர் வாயிலிருந்து வருகின்றன. வேறு வேலைக்கு மனுப் போட்டது, சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது, தனியாக வீடு பார்க்கலாமா என்று யோசித்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் திறக்காத கடிதங்கள் படித்தவையாகக் காட்டுகின்றன. கணினியும் மிகவும் மெதுவாகிவிட்டது. கொழுந்தன் கல்லூரியில் கணினி படிக்கிறான். அதை அமைத்துக் கொடுத்ததும் அவன்தான். கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்துவிடட்டுமா? போலீசில் சொன்னால் எடுபடுமா? கணவர் கைப்பேசியில் நானும் ஓர் உளவுச் செயலியைப் போட்டுப் பார்க்கட்டுமா? அல்லது எல்லாம் என் மனப்பிரமையா?

பதில்: சகோதரி, இந்தக் கடிதத்தை நீங்கள் அனுப்பியிருப்பதே உங்கள் சந்தேகத்துக்கு உள்ளான அந்த ஜிமெயில் முகவரியிலிருந்துதான். அதனால்தான் அந்த முகவரிக்கு ஒரு வரிகூடப் போடாமல் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர், வேலை, பிள்ளையின் வயது, அக்காள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அனுப்பியவை பகுதியிலிருந்து அந்தக் கடிதத்தை நீக்குங்கள். பிறகு குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் நீக்குங்கள். இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். அதற்கு முன்பே படிக்கப்பட்டிருக்கலாம். படித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

மனப்பிரமை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. கணினி மெதுவாவதை முதலில் தள்ளிவையுங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பழைய வன்தட்டு, நிரம்பி வழியும் படங்கள், பிள்ளை தரவிறக்கிய விளையாட்டுகள் என்று அதற்கு நூறு காரணம் உண்டு. உளவு பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் சத்தமில்லாமல், கணினியின் வேகத்தைக் குறைக்காமல்தான் ஓடும். திறக்காத கடிதம் படித்ததாகக் காட்டுவதற்கு எடை அதிகம். எல்லாவற்றிலும் எடை அதிகமானது, அக்காளுக்கு மட்டும் எழுதியது கணவர் வாயில் வருவது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

ஒரு தாளை எடுத்து, அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் திகைத்த ஒவ்வொரு செய்தியையும் நாளோடு எழுதுங்கள். பக்கத்தில், அந்தச் செய்தி அதற்கு முன் எங்கெங்கே இருந்தது என்று குறியுங்கள். அக்காளுக்கு எழுதிய கடிதத்திலா, வங்கிப் பக்கத்திலா, தொலைபேசிப் பேச்சிலா? தாள் அலுவலக மேசையில் இருக்கட்டும். கசிவது எல்லாமே கடிதத்தில் இருந்தவை என்றால், திறந்திருப்பது உங்கள் அஞ்சல் கணக்கு. கடிதத்தில் இல்லாமல் கணினியில் தட்டியது மட்டும் கசிந்தால், ஆள் இருப்பது கணினிக்குள். வாயால் பேசியதும் கசிந்தால், கணினியை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். அக்காள் நல்லெண்ணத்தில் அத்தானிடம் சொல்லியிருக்கலாம். அத்தானும் உங்கள் கணவரும் சகலைகள். அவர்களுக்குள் பேச்சே இருக்காது என்று யார் சொன்னது? இப்படி முடிந்த வழக்குகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால் படிப்படியாக ஒரு சோதனை செய்யலாம். ஜிமெயிலில் ஒரு கடிதத்தை எழுதி அனுப்பாமல் வரைவாக மட்டும் வையுங்கள். பள்ளி விடுமுறைக்கு லங்காவி போகலாமா என்பது போல யாருக்கும் கோபம் வராத பொய்யாக இருக்கட்டும். அது அக்காளிடம் போகவே இல்லை. ஆகவே லங்காவிப் பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வந்தால் அக்காள் பக்கம் சுத்தம். கணக்கோ கணினியோதான் ஓட்டை. அடுத்தது, வீட்டுக் கணினியில் நோட்பேடைத் திறந்து வேறொரு பொய்யைத் தட்டி, உடனே அதை அழித்துவிட்டு, சேமிக்காமல் மூடுங்கள். அதுவும் வெளியே வந்தால், நீங்கள் தட்டுவதை ஏதோ ஒன்று பதிவு செய்கிறது. பணம், பிரிவு, பிள்ளை ஆகியவற்றைத் தூண்டிலில் வைக்காதீர்கள். உங்களுக்குத் தேவை ஓட்டை எங்கே என்ற தகவல் மட்டும்.

என் ஊகம் உங்கள் அஞ்சல் கணக்கின் மீதுதான். கணவன், மனைவி, குடும்பம் என்று என்னிடம் வரும் இத்தகைய புகார்களில் பெரும்பாலும் எந்த மாயமும் இருப்பதில்லை. கடவுச்சொல் தெரிந்திருக்கும், அல்லது கணக்கு எங்கோ திறந்தே கிடக்கும். உங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள் என்றால் அவளுக்குக் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும். அதுவும் கூகுள் கணக்குதான். வீட்டுப்பாடத்துக்காக அதே உலாவியில் அவள் நுழைகிறாள். நீங்களும் அதே உலாவியில் எப்போதோ நுழைந்து வெளியேறாமல் விட்டிருப்பீர்கள். திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தை அழுத்தினால் பிள்ளையின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயர் இருக்கும். இன்னொரு அழுத்து, உங்கள் அஞ்சல்பெட்டி. இதற்குக் கல்லூரியில் கணினி படித்திருக்க வேண்டியதில்லை, மாமியாரே செய்யலாம்.

அங்கே என்ன பார்ப்பது? உங்கள் கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். உங்களுக்குத் தெரியாத கைப்பேசியோ டேப்லட்டோ இருக்கிறதா பாருங்கள். மற்றவற்றை வீட்டுக் கணினியிலேயே, மாமியார் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, கடவுச்சொல் எதையும் தட்டாமல் பாருங்கள். புதிய சாதனத்திலிருந்து நுழைந்தால் கூகுள் உடனே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அதைப் படிப்பவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதுதானே பிரச்சினையே.

ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் பக்கத்தின் அடியில், வலது பக்கம், கணக்கின் கடைசி நடவடிக்கை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் அண்மையில் கணக்கு எப்போது, எந்த வகையில், எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பு எண்ணிலிருந்து, திறக்கப்பட்டது என்று காட்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஒரே வீட்டு வைஃபையில் இருப்பவர்களுக்கு ஐபி முகவரி பெரும்பாலும் ஒன்றுதான். அதை வைத்து நீங்களா, கணவரா, கொழுந்தனா என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயரை நம்பாதீர்கள்; செந்தூலில் இருப்பவருக்குப் பெட்டாலிங் ஜெயா என்றோ ஜொகூர் பாரு என்றோ காட்டினால் ஊடுருவல் என்று பதற வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருந்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீட்டு இணைப்பிலிருந்து, உலாவி வழியாக யாரோ உள்ளே இருந்தால், அது பேசுகிற சான்று. திறந்தே கிடக்கும் உலாவித் தாவல் தானாகவும் இப்படிப் பதிவாகலாம் என்பதால், அந்த நேரத்தில் எந்தக் கடிதம் படித்ததாக மாறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு அமைப்புகளுக்குள் போய் ஃபார்வர்டிங் பகுதியைப் பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு முகவரிக்கும் நகலாகப் போகின்றனவா? வடிகட்டிகள் என்ற பகுதியையும் தனியே பாருங்கள். அக்காளின் முகவரிக்கு மட்டும் ஒரு வடிகட்டி போட்டு நகல் எடுக்க முடியும், அப்போது முதல் பகுதியில் ஃபார்வர்டிங் நிறுத்தியிருப்பதாகவே காட்டலாம். உங்கள் கணக்கைத் திறக்க இன்னொருவருக்கு அனுமதி தரும் வசதியும் அங்கேயே இருக்கிறது. இந்த மூன்றுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். கடவுச்சொல்லை நீங்கள் பத்து முறை மாற்றினாலும் இவை அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். கடைசியாக, கணக்கை மீட்கும் தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் யாருடையவை? கணக்கைத் திறந்த காலத்தில் கணவர் எண்ணைக் கொடுத்திருந்தால், நீங்கள் வைக்கும் எந்தக் கடவுச்சொல்லையும் அவர் மாற்றிவிடலாம்.

பார்த்ததையெல்லாம் கைப்பேசியால் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. படங்கள் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறினால் அவையும் அதே கணக்கில் போய் உட்காரும். முதலில் அதை நிறுத்துங்கள். எதையும் இப்போது நீக்க வேண்டாம்.

இனி கடினமான பகுதி. கதவை அடைப்பது எளிது. அடைத்த அன்று மாலை உள்ளே போக முடியாமல் போகிறவர் என்ன செய்வார் என்பதை உங்களைத் தவிர யாராலும் கணிக்க முடியாது. இதுவரை அடித்திருக்கிறாரா, மிரட்டியிருக்கிறாரா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றிருக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை, எழுதாததால் இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் கணினியைத் தொடுவதற்கு முன் மனிதர்களிடம் பேசுங்கள். 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் 1982 முதல் இயங்கும் மகளிர் உதவி அமைப்பான டபிள்யூஏஓ இருக்கிறது. பினாங்கு வாசகிகளுக்கு அதே போன்ற மகளிர் அமைப்பான டபிள்யூசிசி இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தால், சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடிகிறது. வீட்டுத் தொலைபேசியிலிருந்தோ வீட்டில் வைத்தோ அழைக்காதீர்கள். அலுவலகத்து மதிய இடைவேளை நல்ல நேரம்.

அந்த அபாயம் இல்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு புதிய அஞ்சல் கணக்கு. நம்பிக்கையான தோழியின் மடிக்கணினியில் தொடங்குங்கள், வீட்டுக் கணினியில் அதை ஒருபோதும் திறக்காதீர்கள். அலுவலகக் கணினியும் வேண்டாம். அங்கே உங்கள் முதலாளிக்கு உரிமை இருக்கிறது. கடவுச்சொல் புதிதாக இருக்கட்டும், பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது? நம் குடும்பங்களில் மனைவியின் எண் கணவரின் மாதாந்திரத் திட்டத்தில் துணை இணைப்பாக இருப்பது சாதாரணம். அப்படியானால் பதிவுபெற்ற வாடிக்கையாளர் அவர். கட்டணப் பட்டியல் அவருக்குப் போகிறது, சிம் தொலைந்தது என்று சொல்லி மாற்று அட்டை கேட்கும் இடத்திலும் அவரே இருக்கிறார். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை நம்பாமல், கைப்பேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் அங்கீகாரச் செயலியைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் உங்கள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டி உங்கள் பெயரில் ஒரு முன்கட்டண எண் வாங்குங்கள். கைப்பேசியின் திறப்பு எண்ணையும் மாற்றுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரிவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கணினி அதில் இருந்தால் அக்காளோடு நடக்கும் அரட்டையும் வரவேற்பறையில்தான் நடக்கிறது.

வங்கி, சேமநிதி, வேலை மனு ஆகியவற்றைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். முகவரி மாற்றத்தை உறுதிப்படுத்தச் சொல்லும் கடிதம் பழைய பெட்டிக்கும் வரும் என்பதால் ஒன்றொன்றாக, உடனுக்குடன் முடியுங்கள். பழைய கணக்கு மின்கட்டணமும் தள்ளுபடி விளம்பரங்களுமாக ஓடிக்கொண்டிருக்கட்டும். முக்கியமானவை எல்லாம் இடம் பெயர்ந்த பிறகு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு நாளில், சுத்தமான சாதனத்திலிருந்து பழைய கணக்கின் மீட்பு எண், ஃபார்வர்டிங், வடிகட்டிகள், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். ஏன் மாற்றினாய் என்று கேட்டால், இணைய மோசடி பெருகிவிட்டது, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

கணினிக்கு வருவோம். மேசைக் கணினி என்றால் முதலில் பின்பக்கம் குனிந்து பாருங்கள். விசைப்பலகையின் வயர் நேராகக் கணினியில் செருகியிருக்க வேண்டும். இடையில் பெருவிரல் அளவு ஒரு செருகி இருந்தால், அது தட்டுவதைப் பதிவு செய்யும் கருவியாக இருக்கலாம். எந்த ஆன்ட்டிவைரஸும் அதைப் பார்க்காது. படம் எடுங்கள், பிடுங்காதீர்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். கொழுந்தன் வெளியிலிருந்து கணினியைச் சரிசெய்ய நல்லதற்கே போட்டிருக்கலாம். அதே வழியில் வேறு எதையும் செய்யலாம். உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் பாருங்கள்; அந்தக் கணினியின் திறப்பு எண் தெரிந்த எவரும் அவற்றைப் படித்துவிட முடியும். இணையத்தில் விளம்பரம் செய்யும் இலவச உளவுநீக்கி எதையும் இறக்காதீர்கள்; அவற்றில் சில தாமே உளவாளிகள்.

ஃபார்மேட் செய்யலாமா? இப்போது வேண்டாம். லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் கொடுத்தால் நீங்கள் தேநீர் குடித்து வருவதற்குள் முடித்துக் கொடுப்பார்கள்; சான்று என்று எதுவும் மிஞ்சாது. ஓட்டை அஞ்சல் கணக்கில் இருந்தால் புதிதாக நிறுவிய விண்டோஸிலும் அதே கடிதங்களை அதே ஆள் படிப்பார்.

சட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை; தெரிந்ததைச் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் 3ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி ஒரு கணினியிலுள்ள தரவுகளுக்குள் நுழைவது குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணவன் என்றால் விலக்கு என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் கணினி அவர் வாங்கியது, கடவுச்சொல்லை ஒரு காலத்தில் நீங்களே சொன்னது என்றால், அனுமதி இருந்ததா என்ற கேள்வியில்தான் வழக்கு நிற்கும். இனிப் படிக்கக் கூடாது என்று எழுத்தில் தெரிவித்திருந்தால் அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் வலுவாகும். பாதுகாப்பு இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். பின்தொடர்ந்து தொல்லை தருவதை 2023இல் குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவாகச் சேர்த்து, 3 ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் நிலைமை அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். தேதிவாரியாக நீங்கள் எழுதிய அந்தத் தாளும் படங்களும் கையில் இருந்தால், சந்தேகப்படுகிறேன் என்று மட்டும் சொல்லும் புகாரைவிட வேறு மாதிரிக் கேட்பார்கள். புகாரின் நகலை வாங்காமல் வராதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் விசாரியுங்கள்.

அவர் கைப்பேசியில் செயலி போடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மேலே சொன்ன அதே பிரிவு உங்கள் மீதும் பாயும். நாளை பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றம் கேட்கும் நிலை வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தூக்கிக் காட்டுவது அதைத்தான்.

கொழுந்தனை இப்போதைக்குக் குற்றவாளியாக்காதீர்கள். கணினியை அமைத்தவன் என்பதால் நிர்வாகி உரிமை அவனிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் சொல்லிச் செய்தானா, ஒன்றும் அறியாதவனா என்பதை மேலே சொன்ன நேரங்களும் படங்களும் காட்டும். அவனிடம் கேட்டால் அரை மணியில் அண்ணன் காதுக்குப் போகும். எல்லாம் முடிந்து, சான்றுகள் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு, கணினியைப் புதிதாக நிறுவுங்கள். நிறுவும் யூஎஸ்பியை வேறு கணினியில் தயாரிக்க வேண்டும். இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாற்ற அதுவே போதுமான காரணம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு ஒரு தனிக் கணக்கு, மற்றவர்களுக்கு ஒன்று. உங்களுக்கு அந்தக் கணினியில் கணக்கே வேண்டாம்.